ஒரே தாளில் எட்டுப் பக்கம்: திறன்பேசிப் பழக்கத்துக்கு ஒரு படக் கையேடு

வேண்டியவை ஏ4 தாள், பென்சில், கறுப்புப் பேனா, சிவப்புப் பேனா, கத்தரிக்கோல். ஓவியம் வராதே என்று தயங்க வேண்டாம், குச்சி மனிதன் போதும்.

முதலில் பாருங்கள். சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவிலிருந்து செங்காங் வரை ரயிலில் போகும்போது எதிரே இருப்பவர்களின் கைகளை மட்டும் கவனித்தேன். தேக்கா சந்தைக் காய்கறிப் பையை மணிக்கட்டில் மாட்டியிருந்த ஓர் அம்மா, திறன்பேசியைத் திறந்தார், ஒன்றுமில்லை, அணைத்தார். அடுத்த நிலையம் வருவதற்குள் மறுபடி திறந்தார். என் அட்டைப்படம் அந்தக் கைதான்.

தாளை மடியுங்கள். மூன்று முறை பாதியாக மடித்தால் எட்டுக் கட்டங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 74 × 105 மில்லிமீட்டர். விரித்து, அகலவாட்டில் வைத்து, நீளவாட்டு நடுக்கோட்டில் நடு இரண்டு கட்டங்களின் அகலத்துக்கு மட்டும் வெட்டுங்கள். பிறகு நீளவாட்டில் மடித்து, இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால் புத்தகமாகிவிடும். வரையும் முன்பே பென்சிலால் பக்க எண் போட்டுவிட்டு விரித்துப் பாருங்கள்: மேல்வரிசை தலைகீழாக இருக்கும். இதைச் செய்யாமல் நான் இரண்டு தாள்களை வீணாக்கினேன்.

பக்கத்துக்கு ஒரே செய்தி. "தொடாதே" என்று எழுதும் கையேட்டை யாரும் இரண்டாம் முறை புரட்டுவதில்லை. கை எப்போது போகிறது என்பதை இரண்டாம் பக்கத்தில் வரையுங்கள்: மின்தூக்கியில், படுக்கையில், உணவங்காடி வரிசையில். மூன்றாம் பக்கத்தில் ஏன் போகிறது என்று காட்டுங்கள். திரையைக் கீழே இழுத்துப் புதுப்பிப்பது ஜாக்பாட் இயந்திரத்தை இழுப்பது போலத்தான். சில சமயம் ஏதோ வரும், சில சமயம் வராது. அந்த நிச்சயமின்மையே விரலை இழுக்கிறது. நான்கு முதல் ஆறு வரை மாற்று வழிகள்: திரையைச் சாம்பல் நிறமாக்குவது, ஆட்கள் நேரடியாக அனுப்பும் செய்தி தவிர மற்ற அறிவிப்புகளை நிறுத்துவது, இரவில் சார்ஜரைச் சமையலறைக்கு மாற்றிக் கடிகாரத்தில் அலாரம் வைப்பது. ஏழில் ஏழு வெற்றுக் கட்டங்கள், நாளுக்கொன்று நிரப்ப. கடைசிப் பக்கத்தில், தூக்கமோ படிப்போ கெட்டால் ஆலோசகரை நாடலாம் என்று ஒரு வரி.

நிறம். எல்லாம் கறுப்பு. செயலிச் சின்னத்தின் மேல் நிற்கும் அந்த எண் மட்டும் சிவப்பு. கறுப்பு வெள்ளையில் நகலெடுத்தால் சிவப்பும் சாம்பலாகிவிடும் என்பதால், நகலில் கையாலேயே பூசுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் படம் பேசும்.

கணினியில் எழுத்தைச் சேர்ப்பதானால் எழுத்துரு பதிந்த பிடிஎப் கோப்பாகவே அச்சுக்குக் கொடுங்கள். ஒரு கடையில் என் "செய்தி"யின் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. ஓரத்தில் 5 மில்லிமீட்டர் விட மறக்காதீர்கள்.

சோதனை. எழுத்தை மறைத்துக்கொண்டு வீட்டில் ஒருவரிடம் படத்தை மட்டும் காட்டுங்கள். விளங்கவில்லை என்றால் படத்தை மாற்றுங்கள், விளக்கத்தைக் கூட்டாதீர்கள். ஆறாம் பக்கத்தைப் பார்த்த என் அம்மா, "குக்கர் பக்கத்தில் சார்ஜரை வைத்தால் ஆவி அடிக்காதா?" என்று கேட்டார். சார்ஜரை ரொட்டி டப்பா பக்கம் நகர்த்தி வரைந்தேன்.