ஜெர்மன் தாய்மார் சிலுவை: ஒரிஜினலா டூப்ளிகேட்டான்னு கண்டுபிடிக்கிறது எப்படி

ரெண்டாம் உலகப்போர் ஜெர்மன் பதக்கம்னாலே எல்லாரும் இரும்புச் சிலுவை பின்னாடிதான் ஓடுறாங்க. புதுசா சேக்குறவங்க சிவிலியன் பதக்கத்துல ஆரம்பிங்க, அதுலயும் முட்டர்க்ராய்ட்ஸ், அதாவது தாய்மார் சிலுவை, லட்சக்கணக்குல குடுத்ததால விலையும் கம்மி, கைல வச்சுப் பாத்து பழகவும் வசதி.

1938 டிசம்பர் 16ல ஹிட்லர் கொண்டுவந்தது. நாலஞ்சு பிள்ளை பெத்தவங்களுக்கு வெண்கலம், ஆறேழுன்னா வெள்ளி, எட்டும் அதுக்கு மேலயும் தங்கம் (முலாம்தான், அடகுக் கடைக்கு தூக்கிட்டு ஓடாதீங்க). யூதத் தாய்மாருக்கு கிடையாது, 'ரத்த சுத்தம்' பாத்துதான் குடுத்தாங்க, அதனால அன்புப் பரிசு அது இதுன்னு விக்கிறவர் விடுற கதைய காதுல வாங்காதீங்க. ஜெர்மன்காரங்களே கிண்டலா முயல் பதக்கம்னுதான் சொல்லியிருக்காங்க.

முதல்ல திருப்பி பின்பக்கம் பாருங்க. 16 டிசம்பர் 1938ங்கிற தேதி ஜெர்மன்ல இருக்கும், கூட ஹிட்லர் கையெழுத்து. ரொம்ப ஆரம்பத்துல வந்த சிலதுல மட்டும் தேதிக்குப் பதிலா, பிள்ளையாலதான் தாய்க்கு மேன்மைங்கிற அர்த்தத்துல ஒரு வரி இருக்கும், அது அபூர்வம், விலையும் ஜாஸ்தி, அதனால போலி போடுறவனுக்கும் அது மேலதான் கண்ணு. மலிவா கிடைக்குதுன்னா சந்தேகப்படுங்க.

அடுத்து எனாமல், பாதி போலி இங்கயே மாட்டும். ஒரிஜினல்ல நீலமும் வெள்ளையும் கண்ணாடிப் பொடிய சூளைல உருக்கினது, பெயிண்ட் கிடையாது. நகைக்கடைக்காரர் கண்ல வைக்கிற பத்து மடங்கு லென்ஸ் ஒண்ணு வாங்கிக்கங்க, ஓரத்துல எங்கயாவது சிதறியிருந்தா உடைஞ்ச கண்ணாடி மாதிரி கூர்மையா பளபளன்னு தெரியணும். பல்லுல லேசா தட்டினா டிக்குனு கேக்கும். போலில பிசின் ஊத்தியிருப்பாங்க, சத்தம் மொத்தையா வரும், நீலம் வெள்ளைக்குள்ள வழிஞ்சிருக்கும். நான் முதல்ல ஆன்லைன்ல வாங்கின 'தங்கம்' ஜன்னலோரம் வெயில்ல ஒரு மதியம் கிடந்துச்சு, எடுக்கும்போது நீலத்துல என் நகம் பதிஞ்சிடுச்சு, அப்புறம் என்னத்த லென்ஸ் வச்சுப் பாக்குறது.

மூணாவது உலோகம். சிலுவைக் கைகளுக்கு நடுவுல கதிர் மாதிரி கோடு ஓடும், ஒரிஜினல் டைல, அதாவது எஃகு அச்சுல, அழுத்தி அடிச்சது, கோடெல்லாம் கத்தி மாதிரி தனித்தனியா நிக்கும். உலோகத்த உருக்கி வார்த்த போலில கோடு மழுங்கிப்போய் ஊசிக்குத்து மாதிரி குழி தெரியும், பக்கவாட்டுல ஒட்டு வரி இருக்கும், இல்ல அத அரம் போட்டு மறைச்ச தடம். அழுக்கா இருக்கேன்னு குத்துவிளக்கு மாதிரி புளி போட்டு தேய்ச்சிடாதீங்க, பழைய நிறம் போனா மதிப்பும் போச்சு.

ரிப்பனுக்கு யூவி டார்ச். பளீர்னு ஒளிர்ந்தா பெரும்பாலும் போருக்கு அப்புறம் வந்த நூல், ஆனா நிஜ ரிப்பனையும் யாராவது இந்தக்கால சோப்புப் பவுடர்ல அலசியிருந்தா ஒளிரும், அதனால இத மட்டும் வச்சு தீர்ப்பு சொல்லாதீங்க. சான்றிதழ் கூட வந்தா நல்லதுதான், ஆனா அசல் காகிதத்தோட வேற சிலுவைய சேத்து விக்கிறதும் நடக்குது.

போர் சேவைச் சிலுவையும் சிவிலியனுக்கு உண்டு, 1939ல வந்தது. வாள் இல்லாததுதான் அவங்களுக்கு, வாளோட இருந்தா ராணுவ சேவை. அதுல ஸ்வஸ்திகாவே இல்லன்னா போலின்னு தூக்கிப் போடாதீங்க, 1957ல மேற்கு ஜெர்மனி சட்டம் போட்டு சின்னத்த எடுத்துட்டு மாட்டிக்க அனுமதிச்சாங்க, அந்த வகை. போர்க்காலத்து விலை மட்டும் குடுத்துடாதீங்க.

ஜெர்மனில ஸ்வஸ்திகாவ பொதுவுல காட்டுறது குத்தம், வீட்ல வச்சிக்கிறது இல்ல. அதனால பழைய சாமான் சந்தைல அது மேல ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க. சிலுவைய திருப்பி பின்பக்கத்த காட்டச் சொல்லுங்க, லென்ஸ எடுத்ததும் கடைக்காரர் முகம் மாறுச்சுன்னா நன்றி சொல்லிட்டு அடுத்த மேசைக்குப் போயிடுங்க.