கொழும்பிலிருந்து தொழில்முறை ஸ்குவாஷுக்கு: முதல் இரண்டு வருடங்களை அமைப்பது எப்படி?

பிள்ளை தொழில்முறை ஸ்குவாஷில் இறங்கப் போகிறது என்றால் பெற்றார் முதலில் கேட்பது, "இதில் பிழைக்க முடியுமா?" என்றுதான். கேட்க வேண்டிய கேள்வி. தொழில்முறை ஸ்குவாஷின் உலகப் போட்டித் தொடரை ஆண், பெண் இருபாலாருக்கும் நடத்துவது பி.எஸ்.ஏ. எனப்படும் தொழில்முறை ஸ்குவாஷ் சங்கம். அதன் கீழ்ப்படிகளில் ஒன்றான 'சலஞ்சர் 3' போட்டியில் மொத்தப் பரிசுத் தொகையே 3,000 அமெரிக்க டொலர். கோப்பையைத் தூக்குபவருக்குக்கூடச் சில நூறு டொலர்தான் மிஞ்சும். கட்டுநாயக்கவிலிருந்து ஐரோப்பா போய்வர அது காணாது. முதல் இரண்டு வருடமும் தரவரிசைப் புள்ளி சேர்க்கும் காலம், சம்பாதிக்கும் காலமல்ல என்பதை வீட்டில் எல்லோரும் இருந்து பேசி ஒத்துக்கொள்ளுங்கள். உயர்தரப் பரீட்சையை முடித்துவிட்டு இறங்குவது நல்லது.

பயிற்சியில் கொழும்பு ஆட்டக்காரர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. போட்டிகளுக்குரிய இரட்டை மஞ்சள் புள்ளிப் பந்து 40 மில்லிமீற்றர் விட்டமும் 24 கிராம் எடையும் கொண்ட இறப்பர் உருண்டை. சூடேறினால் துள்ளும், குளிர்ந்தால் செத்துப்போகும். இங்கே குளிரூட்டி இல்லாத கோர்ட்டில் நாலு நிமிடம் அடித்தால் போதும், பந்து கையில் சுடும். முன்சுவரில் 1.78 மீற்றர் உயரத்திலுள்ள சேர்விஸ் கோட்டை ஒட்டி அடித்தாலே அது பின்சுவருக்குப் போய்விடும். அதே அடியை குளிர்நாட்டுக் கண்ணாடிக் கோர்ட்டில் அடித்தால் பந்து நடுக்கோர்ட்டில் தங்கிவிடும். எதிராளி முன்னே வந்து வொலியில், அதாவது பந்து தரையில் படுமுன்னே அடித்து, முடித்துவிடுவார். அங்கே சேர்விஸ் கோட்டுக்கு அரை மீற்றராவது மேலே அடிக்க வேண்டும்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. மூன்று பந்துகளை ஐஸ் பெட்டியில் போட்டுக் கோர்ட் வாசலில் வையுங்கள். தனியே நேர் ட்ரைவ், அதாவது பக்கச்சுவரை ஒட்டிப் பின்மூலைக்குப் போகும் அடி, அடியுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பந்தை மாற்றுங்கள். முதல் துள்ளல் சேர்விஸ் பெட்டிக்கு (சேர்விஸ் போடும்போது நிற்கும் தரைச் சதுரம்) பின்னால் விழ வேண்டும். இரண்டாவது துள்ளல் பின்சுவரும் தரையும் சேரும் இடத்தில் விழ வேண்டும். பக்கத்துக்கு 50 அடி அடித்து, சரியாக விழுந்தவற்றை மட்டும் எண்ணுங்கள். 35 வரும்வரை வேறு எதற்கும் போகாதீர்கள். பலர் இதை அலுப்பென்று விட்டுவிட்டு ட்ரொப், அதாவது முன்சுவரின் அடியில் மெதுவாகத் தட்டி விழுத்தும் அடி, அடிக்கத் தாவுகிறார்கள். பந்தைப் பின்மூலைக்கு அனுப்பி எதிராளியைப் பின்னே தள்ளாவிட்டால் ட்ரொப் வாய்ப்பே வராது.

ட்ரொப்பிலும் ஒரு கணக்கு உண்டு. கழகக் கோர்ட்டுகளில் முன்சுவரின் அடித்தகரம் (பந்து இதற்கு மேலேதான் பட வேண்டும்) பொதுவாக 48 சென்ரிமீற்றர் உயரம். தொழில்முறைப் போட்டிகளில் 43. இங்கே தகரத்தை உரசிப் புள்ளி எடுத்த அடி, அங்கே தகரத்துக்கு ஐந்து சென்ரிமீற்றர் மேலே வரும், எதிராளி ஓடி எடுத்துவிடுவார். அவர் அடிப்பதோ நீங்கள் பழகியதைவிடத் தாழ்வாக வரும். ஆகவே கால்முட்டியை நன்றாக மடக்கி எடுக்கப் பழகுங்கள். இடுப்பை மட்டும் வளைத்தால் மூன்றாவது கேமில் முதுகு பிடித்துக்கொள்ளும்.

மழை நாட்களில் கொழும்பு கோர்ட்டின் சுவர் வேர்க்கும். பந்து சுவரில் பட்டு வழுக்கித் தாழ்ந்து போகும், தரையிலும் கால் நிற்காது. அன்றைக்கு வேகப் பயிற்சி வேண்டாம். கணுக்கால் திருகினால் ஆறு வாரம் போய்விடும். சாதாரண நாளிலும் பயிற்சிக்கு முன்னும் பின்னும் நிறை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒன்றரை லீற்றர் குடிக்க வேண்டும். வெறும் தண்ணீர் போதாது, உப்பும் தேசிக்காயும் சேருங்கள். பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் பொலிகார்பனேற் கண்காப்பு இல்லாமல் கோர்ட்டுக்குள் போகவே கூடாது. சாதாரண மூக்குக் கண்ணாடி காப்பல்ல, உடைந்து கண்ணுக்குள் போகும்.

போட்டிகளைத் தெரிவுசெய்யும்போது இந்தியா, மலேசியா போன்ற கிட்டிய நாடுகளில் தொடங்குங்கள். ஒரே பயணத்தில் அடுத்தடுத்த வாரங்களில் இரண்டு மூன்று போட்டிகள் இருக்க வேண்டும். முதல் வாரம் முதல் சுற்றிலேயே வெளியேறினாலும் காசு வீணாகாது. இடம் தரவரிசைப்படி கொடுக்கப்படும், பின்னால் உள்ளவர்கள் காத்திருப்புப் பட்டியலுக்குப் போவார்கள். பெயர் பட்டியலில் உறுதியாகும் முன் பணம் திரும்பாத விமானச்சீட்டை வாங்காதீர்கள். ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். அழைப்புக் கடிதத்தையும் வங்கிக் கூற்றையும் தயாராக வைத்திருங்கள். கடைசி நேரத்தில் விலகினால் பி.எஸ்.ஏ. அபராதம் விதிக்கும்.

செலவைச் சமாளிக்க, வாரத்தில் மூன்று மாலை சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம். அதற்கு மேல் போனால் உங்கள் கால் களைத்துவிடும். முப்படைகளில் விளையாட்டுவீரராகச் சேர்ந்து மாதச் சம்பளத்துடன் ஆடுவோரும் உண்டு. 2028 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டிருப்பது அனுசரணை கேட்டுப் போகும்போது நல்ல துணை. கடிதத்தின் முதல் வரியிலேயே அதை எழுதுங்கள்.

பயணப்பையில் ஒரே மாதிரி ரக்கெட் மூன்று, ஒரே இறுக்கத்தில் நரம்பு கட்டியதாக இருக்கட்டும். 24 முதல் 27 இறாத்தல் பெரும்பாலானோருக்குச் சரிவரும். கைப்பிடிச் சுற்றுத் துணி ஆட்டத்துக்கொன்று. சப்பாத்தை மட்டும் கையோடு கொண்டுபோகும் பையில் வையுங்கள். பெட்டி வந்து சேராவிட்டால் ரக்கெட்டை யாரிடமாவது இரவல் வாங்கலாம், கால் அளவுக்குச் சப்பாத்து கிடைக்காது.