கேபினட் ஃபேன் இரைச்சலை அடக்க ஒரு சின்ன சர்க்யூட்

பகலில் காதிலேயே விழாத கம்ப்யூட்டர் கேபினட் ஃபேன், ராத்திரி பத்து மணிக்கு மேல் வீட்டையே இரைய வைக்கும். வேகத்தைக் குறைத்தால் சத்தம் அடங்கிவிடும். ஆனால் கழற்றுவதற்கு முன் காதைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். காற்று இரைகிற சத்தம் என்றால் இந்த வேலை பலன் தரும். கரகரவென்று உரசினால் பேரிங் போய்விட்டது, ஃபேனை மாற்றுவதுதான் வழி.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ஃபேன் ஒயர் நான்கு பின் உள்ளதாக இருந்து மதர்போர்டில் மாட்டியிருந்தால், பயாஸில் (கம்ப்யூட்டர் கிளம்பும்போது திறக்கும் செட்டிங் பக்கம்) போய் வேகத்தைக் குறைத்துவிடலாம், சால்டரிங் அயர்னே வேண்டாம். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) நேரே கரண்ட் எடுக்கும் இரண்டு பின், மூன்று பின் ஃபேன்களுக்குத்தான் இந்தப் பாடு. பிராசசர் மேல் இருக்கும் ஃபேனிலும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபேனிலும் கை வைக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் கரண்ட் தேங்கி நிற்கும்.

ஃபேனை எஸ்எம்பிஎஸ்ஸின் மஞ்சள் (12 வோல்ட்) ஒயருக்கும் சிவப்பு (5 வோல்ட்) ஒயருக்கும் நடுவே மாட்டி 7 வோல்ட் எடுக்கும் பழைய குறுக்குவழி ஒன்று உண்டு. 12-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசம் அது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஃபேனின் கரண்ட் 5 வோல்ட் லைனுக்குள் திரும்பிப் போகிறது, வேகத்தையும் கூட்டிக் குறைக்க முடியாது.

வாங்க வேண்டியவை

வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் எல்எம்317 ஐசி ஒன்று, அதன் சூட்டை இழுக்க சின்ன ஹீட் சிங்க், 220 ஓம், 820 ஓம் ரெசிஸ்டர்கள், 1 கிலோஓம் வால்யூம் கன்ட்ரோல், 0.1 மற்றும் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள் (25 வோல்ட்டுக்குக் குறையாமல்), இவற்றை சால்டர் வைக்க ஓட்டை போட்ட வெரோ போர்டு ஒரு துண்டு. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ டிவி ரிப்பேர் சாமான் விற்கும் கடையில் கேட்டுப் பாருங்கள், பெரிய செலவில்லை.

இணைப்பு

ஐசியின் எழுத்து உங்களைப் பார்க்கும்படி பிடித்தால் இடமிருந்து அட்ஜஸ்ட், அவுட், இன் என்று மூன்று கால்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் மஞ்சள் 12 வோல்ட் ஒயர் 'இன்' காலுக்கு. ஃபேனின் சிவப்பு ஒயர் 'அவுட்' காலுக்கு. 220 ஓம் ரெசிஸ்டர் அவுட்டுக்கும் அட்ஜஸ்ட்டுக்கும் நடுவே. அட்ஜஸ்ட்டிலிருந்து 820 ஓம், அதன் தொடர்ச்சியாக வால்யூம், அங்கிருந்து எஸ்எம்பிஎஸ்ஸின் கறுப்பு ஒயருக்கு. ஃபேனின் கறுப்பும் அங்கேயே சேரும். சின்ன கெப்பாசிட்டர் இன்னுக்கும் கறுப்புக்கும், பெரியது அவுட்டுக்கும் கறுப்புக்கும். பெரியதில் கோடு போட்ட கால் கறுப்பின் பக்கம்.

வால்யூமின் நடுக்காலை ஓரக்கால் ஒன்றோடு கட்டாயம் சேர்த்து சால்டர் வையுங்கள். குளச்சல், முட்டம் பக்கம் கடற்காற்றில் இருப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். உப்பு ஏறி நடுக்கால் தொடாமல் போனாலும் முழு 1 கிலோஓமும் சர்க்யூட்டில் நிற்கும், ஃபேன் முழு வேகத்தில் ஓடும். சத்தம் போட்டுச் சொல்லிவிடும், கம்ப்யூட்டர் சூடாகாது.

கணக்கு இதுதான்: 1.25 × (1 + கீழ் ரெசிஸ்டர் ÷ 220). வால்யூம் பூஜ்யத்தில் இருந்தால் 820 மட்டும், சுமார் 5.9 வோல்ட். முழுக்கத் திருப்பினால் கணக்குப்படி 11.6, ஆனால் ஐசி தனக்கென்று கிட்டத்தட்ட 2 வோல்ட் பிடித்துக்கொள்வதால் 10 சொச்சம்தான் வரும். அது போதும்.

ஐசியின் உலோக முதுகு 'அவுட்' காலோடு சேர்ந்தது. அது கேபினட் தகட்டில் பட்டால் ஷார்ட். நடுவே கரண்ட் கடத்தாத மைக்கா வாஷர் போடுங்கள், அல்லது தகட்டைத் தொடாதபடி தொங்க விடுங்கள்.

சோதனை

நேரே கம்ப்யூட்டரில் மாட்ட வேண்டாம். பரணில் கிடக்கும் பழைய 12 வோல்ட் ரூட்டர் அடாப்டரில் கொடுத்து, ஃபேனையும் மாட்டி மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். பிறகு வால்யூமைக் குறைந்தபட்சத்தில் வைத்து, அணைத்து மறுபடி போடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன் 6 வோல்ட்டில் சுற்றும், நின்ற ஃபேன் அதே 6-ல் கிளம்பாமல் போகலாம். கிளம்பவில்லை என்றால் கொஞ்சம் கூட்டி, அந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். அதற்குக் கீழே போக வேண்டாம்.

சரி, இப்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு கேபினட்டுக்குள் மாட்டலாம். தூசியையும் அப்படியே தட்டிவிடுங்கள். சால்டர் பக்கம் நெயில் பாலிஷ் ஒரு பூச்சு பூசினால், ஆனி ஆடிச் சாரல் ஈரத்தில் பச்சை பிடிப்பது குறையும்.

அப்புறம் அரை மணி நேரம் கனமான வேலை கொடுத்து பிராசசர் சூட்டைப் பாருங்கள். 80 டிகிரி தாண்டினால் வேகத்தைக் கூட்டுங்கள். மார்கழி ராத்திரியில் சரியாக இருந்த அளவு சித்திரை மத்தியானத்துக்குப் பற்றாது, அதனால் வால்யூமின் திருகைக் கேபினட்டுக்கு வெளியே கைக்கெட்டும்படி வையுங்கள்.