பையன்கள் டீமுக்கு யாரை கேப்டனாகப் போடுவது, போட்ட பிறகு என்ன செய்வது

நம்ம கோவை, திருப்பூர்ப் பக்கத்து கால்பந்து டீம்கள் ஏறக்குறைய வருஷா வருஷம் கலைந்து, மறுபடி கட்டப்படுகிற டீம்கள்தான். மே மாதம் வந்தால் ஃபைனல் இயர் பையன்கள் ஓசூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போய்விடுவார்கள், பனியன் கம்பெனியில் இருக்கிற ஸ்டாப்பருக்கு (பின்வரிசை நடுவில் நின்று தடுப்பவன்) ஷிப்ட் மாறிவிடும், பல வருஷமாகப் பின்னால் நின்று எல்லோரையும் திட்டிக்கொண்டே ஆடிய அண்ணனுக்கு முட்டி போய்விடும். ஜூனில் கிரவுண்டுக்குப் போனால் பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பையன்களாக நிற்பார்கள். காலில் ஆட்டம் இருக்கும், வாய் மட்டும் திறக்காது.

இப்படிப்பட்ட டீமுக்குள் நின்று நடத்த ஒரு ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது, அவனை எப்படித் தயார் செய்வது என்பதுதான் இங்கே விஷயம். பெண்கள் டீமுக்கும் இதே கதைதான், பேரை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆளைத் தேர்ந்தெடுப்பது. அதிக கோல் அடிப்பவனுக்குக் கேப்டன் கையில் கட்டுகிற பட்டையை, ஆர்ம்பேண்டைக் கட்டிவிடுவதுதான் வழக்கம், இல்லாவிட்டால் வயசில் மூத்தவனுக்கு, அதுவும் இல்லாவிட்டால் ஜெர்சிக்குப் பணம் கொடுத்தவர் வீட்டுப் பையனுக்கு. மூன்றுமே வேண்டாம் என்பேன். கோல் அடிக்க முன்னால் நிற்கிற சென்டர் ஃபார்வர்டு பாதி நேரம் தன் கோலுக்கு முதுகைக் காட்டி நிற்பவன், பின்னால் என்ன ஓட்டை விழுந்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியவே தெரியாது. ஸ்டாப்பரும் அவனுக்கு முன்னால் நிற்கிற டிஃபென்சிவ் மிட்ஃபீல்டரும்தான் கிரவுண்டு முழுவதையும் முன்னால் வைத்துப் பார்க்கிறார்கள். கீப்பருக்கு எல்லாம் தெரியும், ஆனால் எதிர்க்கோல் பக்கம் ஆட்டம் நடக்கும்போது அவன் குரல் போய்ச் சேராது. ரெஃப்ரியிடம் கேப்டன் மட்டுமே பேசலாம் என்ற புது நடைமுறை இருக்கும் போட்டிகளில், கீப்பர் கேப்டனாக இருந்தால் அவனுக்குப் பதிலாகப் பேச இன்னொருவன் பேரை முன்கூட்டியே கொடுத்துவைக்கவும் வேண்டும்.

ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாமா என்று கேட்பார்கள். கைதூக்கி ஓட்டுப் போட்டால் காமெடி பண்ணுகிற பையன்தான் ஜெயிப்பான். அதற்குப் பதிலாக ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'ஒரு கோல் பின்னாடி இருக்கோம், கடைசிப் பத்து நிமிஷம், உன் பக்கத்துல யார் நிக்கணும்?' ரெண்டு பேர் சொல்லட்டும். பெரும்பாலும் யாருமே எதிர்பார்க்காத ஒரு பேர் திரும்பத் திரும்ப வரும். அப்புறம் பிராக்டிஸ் மேட்ச்சில் அந்தப் பையனைக் கவனியுங்கள், குறிப்பாக கோல் வாங்கின உடனே. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறானா, அடுத்தவனைக் கை காட்டுகிறானா, இல்லை நேராகப் போய் வலைக்குள் கிடக்கிற பந்தை எடுத்துக்கொண்டு வருகிறானா?

பந்தை எடுத்து வருவதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். 1958 உலகக் கோப்பை இறுதி ஆட்டம், ஸ்டாக்ஹோம் பக்கத்தில். நான்காவது நிமிஷத்திலேயே ஸ்வீடன் கோல் அடித்துவிட்டது. பிரேசில் அதுவரை உலகக் கோப்பை ஜெயித்ததே இல்லை, எட்டு வருஷம் முன்னால்தான் சொந்த ஊரில் உருகுவேயிடம் தோற்று நாடே அழுதிருந்தது, முன்வரிசையில் பதினேழு வயசு பெலே. அப்போது திதி என்ற மிட்ஃபீல்டர் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, ஓடாமல், மெதுவாக நடுவட்டத்துக்கு நடந்தார். கூட இருந்தவர்களிடம் பதறாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே நடந்தார். ஆட்டம் 5-2 என்று முடிந்தது, அதில் பெலே மட்டும் ரெண்டு. நான் இதைச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. அன்றைக்கு பிரேசில் கேப்டன் திதி கிடையாது, பெல்லினி என்ற ஸ்டாப்பர். ஆர்ம்பேண்டு ஒருவர் கையில் இருந்தது, அந்த நேரத்துக்கு வேண்டிய காரியத்தை இன்னொருவர் செய்தார், யாரும் சண்டைக்குப் போகவில்லை.

அதனால் ஒரு தலைவனைத் தேடாமல் மூன்று குரலைத் தேடுங்கள். கீப்பர் கோலுக்கு முன்னால் இருக்கிற பாக்ஸுக்குள் நடப்பதைப் பார்த்துக்கொள்ளட்டும், ஸ்டாப்பர் பின்வரிசை ஏறுவதையும் இறங்குவதையும், மிட்ஃபீல்டில் ஒருவன் யார் யாரைப் பிடிக்க வேண்டும் என்பதை. பத்தொன்பது வயசுப் பையன் ஒருவன் தலையில் பதினோரு பேர் பாரத்தையும் ஏற்றினால் முதலில் கெடுவது அவனுடைய சொந்த ஆட்டம்தான்.

பெரிய கிளப்களிலும் இது இப்படித்தான் நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் ஆர்சனலில் 2019 அக்டோபரில் கேப்டன் ஷாக்கா சொந்த ரசிகர்களிடமே கோபத்தைக் காட்டப்போய்ப் பதவி போனது. அடுத்து வந்த ஔபமயாங்கிடமிருந்து 2021 டிசம்பரில் அதைப் பறித்தார்கள். நடுவில் ரெண்டு சீசன் லீக்கில் எட்டாவது இடம். பையன்களை வைத்து டீமை மறுபடி கட்டினார்கள், 2022 ஜூலையில் 23 வயசு ஓடகார்டை கேப்டனாகப் போட்டார்கள், அந்த சீசனில் ரெண்டாவது இடம். இதில் எல்லோரும் ஓடகார்டைத்தான் பேசுவார்கள். எனக்குப் பதவி போன ஷாக்காதான் முக்கியம். அதே டீமில், அதே மிட்ஃபீல்டில், ஆர்ம்பேண்டு இல்லாமல் அந்த சீசன் முழுக்க பையன்களோடு நின்று ஆடினார். உங்கள் டீமிலும் போன வருஷத்து ஆள் ஒருவன் ரெண்டு பேராவது மிச்சம் இருப்பார்கள். புது கேப்டனை அறிவிப்பதற்கு முந்தின நாளே அவர்களிடம் தனியாகப் போய்ச் சொல்லிவிடுங்கள், 'நீங்க இருந்தாத்தான் இவன் தேறுவான்' என்று. குரூப்பில் மெசேஜ் பார்த்து அவர்கள் தெரிந்துகொண்டால் பாதி காரியம் கெட்டது.

இனி பேச்சு. இளம் டீமில் கத்துகிறவன் நிறைய இருப்பான், சேதி சொல்கிறவன் குறைவு. 'டேய் ஆடுங்கடா', 'என்னடா பண்றே', 'உசுரக் குடுங்கடா' இதிலெல்லாம் சேதியே இல்லை. கேட்பவன் அதை வைத்து என்ன செய்வான்? பந்து அவன் காலுக்கு வருவதற்கு முன்னால், பேரைச் சொல்லி, ஒரு வார்த்தை, அவ்வளவுதான் வேண்டும். 'ஆளு' என்றால் பின்னால் ஆள் வருகிறான், உடனே விடு. 'டைம்' என்றால் அவசரமில்லை. 'திரும்பு', 'ஏறு', 'நில்லு', 'அடி வெளிய'. இந்த வார்த்தைகளை டீமாக உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், ஏனென்றால் இப்போது கோவை, திருப்பூர்ப் பக்கம் டீமில் வடக்கத்திப் பையன்களும் வடகிழக்குப் பையன்களும் இருப்பார்கள், அவர்களுக்கும் நமக்கும் பொதுவாக ஏழெட்டு வார்த்தை இருந்தால் போதும், மீதியைக் கை பார்த்துக்கொள்ளும்.

இடது வலது சொல்வதை நான் விட்டுவிடச் சொல்வேன். எதிரும் புதிருமாக நிற்கும்போது யாருடைய இடது? 'ரோட்டுப் பக்கம்', 'கோயில் பக்கம்' என்று சொல்லுங்கள், ஹாஃப் டைமில் சைடு மாறினாலும் ரோடு மாறாது. வெளியூர் கிரவுண்டுக்குப் போனால் வார்ம் அப்பிலேயே ரெண்டு பக்கத்துக்கும் பேர் வைத்துவிட வேண்டியது கேப்டன் வேலை.

அப்புறம் நம்ம ஊருக்கே உரிய ஒரு சிக்கல், மரியாதை. இருபது வயசு கேப்டன், இருபத்தெட்டு வயசு விங்கர் (ஓரத்தில் ஆடுபவர்). இங்கே சின்ன வயசிலிருந்தே வாங்க போங்க என்று பழகின பையனிடம் 'கிரவுண்டுக்குள்ள பேரைச் சொல்லித்தான் கூப்பிடணும்' என்று சட்டம் போட்டால் அவன் பேரும் சொல்ல மாட்டான், அண்ணா என்றும் சொல்ல மாட்டான், வாயை மூடிக்கொள்வான். 'அண்ணா, ஏறுங்க!' என்று அவன் கத்தட்டுமே, அந்த 'ங்க'வுக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது? அண்ணன் ஏறுகிறாரா என்பதுதான் கேள்வி. ஏறாவிட்டால் அது கோச் ஹாஃப் டைமில் அண்ணனிடம் பேச வேண்டிய விஷயம், பையனை அங்கே தனியாக விடாதீர்கள்.

டாஸ் என்றால் தலையா பூவா என்று சொல்லிவிட்டு வருவதாக நினைக்கிறார்கள். 2019இலிருந்து விதி மாறிவிட்டது, ஜெயித்தவன் எந்தக் கோலை நோக்கி அடிப்பது என்றும் கேட்கலாம், ஆட்டத்தைத் தொடங்குகிற முதல் உதையை, கிக்-ஆஃபையும் கேட்கலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே எதைக் கேட்கிறோம் என்பது பெரிய விஷயம், மேற்கிலிருந்து வருகிற பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அப்படி. பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் கிழக்கு மேற்காகக் கோல் போஸ்ட் நட்ட கிரவுண்டில் ஆடினவர்களுக்குத் தெரியும், மேற்கே பார்த்து அடித்த கோல் கிக் நடுக்கோட்டைத் தாண்டாமல் தொங்கி நின்றுவிடும்.

மூன்றரை மணிக்கு ஆட்டம் என்றால் முதல் பாதியில் காற்றோடு கிழக்கே பார்த்து அடிப்பதையே கேளுங்கள், பையன்களுக்கு முதல் கோல் கிடைத்தால் வருகிற தெம்பு வேறு எதிலும் வராது, தவிர பொழுது சாயச் சாயக் காற்றும் பெரும்பாலும் கொஞ்சம் அடங்கும். ஆட்டம் ஐந்து மணிக்கு என்றால் கணக்கு மாறும். ரெண்டாவது பாதியில் மேற்கே பார்த்து நிற்கிற கீப்பருக்குச் சாய்வெயில் கண்ணில் அடிக்கும், அதே திசையிலிருந்து காற்றில் பந்தும் வரும், ரெண்டையும் சேர்த்து ஒரு பையனால் சமாளிக்க முடியாது. அன்றைக்கு முதல் பாதியில் எதிர்க்காற்றை நாம் எடுத்துக்கொண்டு, கோல் வாங்காமல் தாக்குப்பிடித்து, கடைசி அரைமணியில் காற்றும் வெயிலும் நம் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி வைத்துக்கொள்வது நல்லது. மேகம் மூடியிருந்தால் காற்றை மட்டும் பார்த்தால் போதும். எதிர்க்காற்றில் ஆடும்போது கேப்டன் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியது ஒன்றுதான், பந்து தரையை விட்டுக் கிளம்பக் கூடாது. காற்றோடு ஆடும்போது பையன்கள் ஆசையில் நீளமாகத் தூக்கிவிடுவார்கள், அது எல்லாமே கோட்டுக்கு வெளியே ஓடும், அதையும் அவன்தான் நிறுத்த வேண்டும்.

கோல் வாங்கிய பிறகு வருகிற ஐந்து நிமிஷத்தில்தான் இளம் டீம்கள் ரெண்டாவது கோலையும் வாங்குகின்றன. அதனால் இதை ஒரு டிரில்லாகவே பழக்குங்கள். கேப்டன் பந்தை எடுத்துக்கொண்டு நடந்து வருகிறான், ஸ்டாப்பரையும் மிட்ஃபீல்டரையும் பக்கத்தில் கூப்பிட்டு எங்கே உடைந்தது என்று ஒரே வாக்கியம், கோல் விட்டவன் முதுகில் ஒரு தட்டு, அவ்வளவுதான். கிக்-ஆஃப் எடுத்ததும் பந்து பின்னால் போக வேண்டும், நாலைந்து பேர் காலில் படவேண்டும், தவறு செய்த பையன் காலிலும் கட்டாயம் படவேண்டும். கோவை நேரு ஸ்டேடியத்தில் 2019 மார்ச்சில் சென்னை சிட்டி டீம் தேசிய அளவிலான ஐ-லீக் ஜெயித்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் நம்ம பக்கம் நிறைய பேர் இருக்கிறோம். ஜெயித்தே ஆகவேண்டிய நாள், பாயிண்ட் பட்டியலில் பின்னாலேயே ஈஸ்ட் பெங்கால், எதிரே ஆடிய மினர்வா பஞ்சாப் ஆரம்பத்திலேயே கோல் அடித்துவிட்டது. பதறி எல்லோரும் முன்னால் ஓடியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். 3-1 என்று திருப்பி, ஒரே ஒரு பாயிண்ட் வித்தியாசத்தில் கோப்பையை எடுத்தார்கள்.

நாம் கோல் அடித்த பிறகும் இதே ஆபத்துதான். கொண்டாடிவிட்டுத் திரும்பும்போது கேப்டன் ஒரு தடவை எல்லோரும் அவரவர் இடத்தில் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

ரெஃப்ரி விஷயம் சுருக்கமாக. விதிப்படி கேப்டனுக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது, தன் டீம் ஒழுங்காக நடந்துகொள்ள ஓரளவு பொறுப்பு மட்டும் உண்டு. ஐரோப்பிய நாடுகள் ஆடுகிற 2024 யூரோ கோப்பையில் கேப்டனைத் தவிர யார் போய் வாதாடினாலும் மஞ்சள் அட்டை என்றார்கள், அதைப் பார்த்து நாமும் டீமுக்குள் அப்படியே வைத்துக்கொள்ளலாம். பந்து நின்ற பிறகு, கையைக் கீழே வைத்துக்கொண்டு, கேள்வியாகக் கேட்கட்டும்: 'சார், அந்த ஆறாம் நம்பரைக் கொஞ்சம் பாருங்க சார்.' ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் டோர்னமென்ட்டில், கூட்டம் கோட்டு மேலேயே நின்று கத்தும்போது, கோபத்தில் இருக்கிற நம் பையனைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதுதான் கேப்டனுக்கு அன்றைய முழு வேலையாகவே இருக்கும்.

இதையெல்லாம் எப்படிப் பழக்குவது? கோச் வாயை மூட வேண்டும். வெளியே நின்றுகொண்டு ஒவ்வொரு பாஸுக்கும் 'கொடு, திரும்பு, அடி' என்று கத்துகிற கோச்சிடம் ஒரு நாளும் கேப்டன் உருவாக மாட்டான், பையன்கள் பந்தைப் பார்க்காமல் கோட்டுக்கு வெளியே நிற்கிற கோச்சைத்தான் பார்ப்பார்கள். வாரத்தில் ஒரு நாள் எட்டுக்கு எட்டு ஆட விட்டு, ஒரு டீம் ஏற்கெனவே 0-1 பின்தங்கியிருக்கிறது, பத்து நிமிஷம்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். முதல் ரெண்டு வாரம் நெம்ப மோசமாக இருக்கும். விடுங்கள். இன்னொரு நாள் யாரும் பேசாமல் ஆட வேண்டும், அதன்பிறகு நீங்கள் தேர்ந்தெடுத்த அந்த மூன்று பேர் மட்டும் பேசலாம். எந்தக் குரலை எந்த நேரத்தில் தேடினோம் என்று பையன்களே சொல்வார்கள். ஃபிரெண்ட்லி மேட்ச்களில் ஆர்ம்பேண்டை ஆள் மாற்றிக் கட்டிப் பாருங்கள். வாட்டர் பிரேக்கில் முதலில் கேப்டன் பேசட்டும், நீங்கள் மிச்சத்தைப் பேசுங்கள்.

ஒரு கேப்டனைப் போட்டால் ஒரு சீசன் முழுக்கக் கொடுங்கள், ரெண்டு ஆட்டம் தோற்றதும் மாற்றினால் அடுத்து வருகிறவன் பயந்துதான் வருவான். ஆனால் அவன் ஆட்டம் சரியில்லாத நாளில் வெளியே உட்கார வைக்கத் தயங்க வேண்டாம். அதற்காகவே அவன் வெளியே வந்தால் ஆர்ம்பேண்டு யார் கைக்குப் போகும், அவனும் வந்துவிட்டால் அடுத்து யார் என்பதை டீம் லிஸ்ட் எழுதும்போதே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள். எண்பதாவது நிமிஷம் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று அதைக் கழற்றி, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் பெஞ்சைத் திரும்பிப் பார்க்கிற கேப்டனை எதிர் டீமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.