முதல் கத்தி செய்யும்போது எங்கே சறுக்கும்?

முதல் கத்தியைக் கெடுப்பவை பெரும்பாலும் வரிசைப் பிழைகள். இன்று துளை போட்டிருக்க வேண்டும், நாளைக்குத் தள்ளிப்போட்டால், காய்ச்சிக் கெட்டிப்பட்ட அந்த அலகில் பிறகு டிரில் இறங்கவே இறங்காது. ஒவ்வொரு வேலைக்கும் முன் "இதைப் பிறகு செய்ய முடியுமா?" என்று கேட்டுக்கொண்டால் பாதி இரும்பு மிச்சமாகும்.

இரும்பில் தொடங்குவோம். கட்டடக் கம்பியிலும் சாதாரண மைல்டு ஸ்டீலிலும் கார்பன் போதாது. எவ்வளவு காய்ச்சினாலும் பதம் (கடினம்) ஏறாது. லாரி பட்டை (அடியில் இருக்கும் பட்டை ஸ்பிரிங்) நல்ல இரும்புதான், பட்டறைக்காரர்களுக்கு அதன் குணம் கைவந்தது. ஆனால் ஓடித் தேய்ந்த பட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். என்ன வகை என்றும் தெரியாது. முதல் கத்திக்கு 3 மி.மீ. கனத்தில் 1084 என்ற கார்பன் எஃகுப் பட்டை வாங்குவதே நல்லது. அலகு 8 முதல் 10 செ.மீ. போதும். முதல் முயற்சியிலேயே நீளக் கத்தி வரைந்தால் அது கோணிக்கொள்ளும் வாய்ப்பும் அதிகம்.

காய்ச்சுவதற்கு முன் முடிக்க வேண்டியவை: பிடியை இறுக்கும் ரிவெட் ஆணிகளுக்கான துளைகள் எல்லாம், பிடியின் உருவம், வாயை நோக்கி இறங்கும் சரிவு. கூர் வரவேண்டிய வாய்ப்பக்கத்தை மெல்லியதாக இழைத்துவிடுவது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. 1 மி.மீ. கனம் விட்டுவையுங்கள்; அதைவிட மெலிந்தால் எண்ணெயில் விட்டதும் நெளியும் அல்லது வெடிக்கும். அலகும் பிடியும் சேரும் உள்மூலையைக் கூராக விடாமல் உருட்டு அரத்தால் வளைத்துவிடுங்கள். கிரைண்டர் போட்ட ஆழமான கீறல்களையும் 120 உப்புத்தாள் வரை தேய்த்து எடுங்கள். விரிசல் அந்த மூலையிலோ கீறலிலோதான் பிறக்கும்.

அடுத்து தோய்ச்சல், அதாவது காய்ச்சிய அலகை எண்ணெயில் முக்கிப் பதம் ஏற்றுவது. காந்தம் ஒட்டாமல் போவது சுமார் 770 டிகிரி செல்சியஸில். 1084க்கு வேண்டியது சுமார் 815. காந்தம் விட்டவுடனே எண்ணெயில் விட்டால் பதம் அரைகுறையாக நிற்கும். சமையல் உப்பு 801 டிகிரியில் உருகும். அலகின் மேல் ஒரு சிட்டிகை தூவி, அது உருகியபின் இன்னும் கொஞ்சம் சூடேற்றி எடுத்தால் ஏறக்குறைய சரியாக வரும். ஆரஞ்சு தாண்டி மஞ்சளாகும்வரை காய்ச்சாதீர்கள். மிச்சத் துண்டு ஒன்றையும் இதே மாதிரி காய்ச்சி, எண்ணெயில் விட்டு, துணியில் சுற்றி வைஸில் பிடித்து உடைத்துப் பாருங்கள். உடைந்த முகம் வழவழப்பான சாம்பல் நிறமாக இருந்தால் சரி. சர்க்கரையைத் தூவியதுபோல் பொடிப்பொடியாக மின்னினால் சூடு மிஞ்சிவிட்டது, அந்தக் கத்தி உடையும்.

எண்ணெய் மெல்லிய தாவர எண்ணெயாக, 50 டிகிரிக்குச் சூடாக்கியதாக இருக்கட்டும். ஆறிய எண்ணெய் கெட்டியாக இருப்பதால் இரும்பை மெதுவாகத்தான் குளிர்விக்கும். பழைய என்ஜின் ஆயில் வேண்டாம், புகை நஞ்சு. மூடியுள்ள இரும்புப் பாத்திரத்தில் வைத்து, அலகை அறுப்பதுபோல் முன்னும் பின்னும் அசையுங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் கோணும். வெளியே எடுத்த அலகு கண்ணாடி மாதிரி நொறுங்கும் நிலையில் இருக்கும். "காலையில் பார்க்கலாம்" என்று வைக்காமல், கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் 200 டிகிரி சூட்டில் அவனில் (oven) இரண்டு மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, மறுபடி இரண்டு மணி நேரம் வையுங்கள். அவனின் குமிழை நம்பாமல் உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வைப்பது நல்லது.

இதற்குப்பின் கிரைண்டரில் கையுறை போடாமல் பிடியுங்கள், விரலுக்குச் சூடு தெரிய வேண்டும். சுட்டால் உடனே தண்ணீரில் முக்குங்கள். விளிம்பில் நீலம் படிந்தால் அந்த இடத்தின் பதம் போய்விட்டது.

மெருகில் அவசரம் அப்படியே தெரியும். 120, 220, 400, 600 என்று போகும்போது ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்றுங்கள். முந்தைய கீறல் குறுக்கே நின்றால் பக்கவாட்டு வெளிச்சத்தில் காட்டிக்கொடுக்கும். 400இல் தெரியும் 120இன் கீறலை 600 எடுக்காது, மறுபடி 220க்கே போக வேண்டும். தாளை விரலால் அழுத்தாமல் தட்டையான கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள். கடைசித் தாளைப் பிடியிலிருந்து நுனி நோக்கி ஒரே திசையில் இழுங்கள்.

பிடிக்கு நன்கு காய்ந்த மரம் வேண்டும். ஈரமரம் பிறகு சுருங்கி இடைவெளி விடும். அலகைப் பார்த்து நிற்கும் மரத்தின் முன்முகத்தை ஒட்டுவதற்கு முன்பே மெருகேற்றி முடியுங்கள், ஒட்டியபின் அங்கே உப்புத்தாள் பட்டால் அலகில் கீறல் விழும். உட்புறத்தை 80 தாளில் சொரசொரப்பாக்கி, அசிட்டோனால் துடைத்து, எபாக்ஸிப் பசை தடவுங்கள். கிளாம்பை முழுப் பலத்தோடு முறுக்கினால் பசை எல்லாம் பிதுங்கி வெளியேறிவிடும். 24 மணி நேரம் தொடாதீர்கள். பித்தளை ஆணியைத் தேய்க்கும்போது சூடேறி அடிப்பசை இளகும், அதனால் விட்டுவிட்டுத் தேய்க்க வேண்டும். மரத்தூளுக்கு மாஸ்க் கட்டாயம். பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகத் தீப்பிடிக்கும்; விரித்துக் காயவையுங்கள்.

கூர் வைப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில்தான். பிடி வேலை முடியும்வரை அலகில் டேப் சுற்றியிருக்கட்டும். வாய்ப்பக்கம் அரை மி.மீ.க்கு வந்தபின் பக்கத்துக்கு 20 டிகிரி சாய்த்துத் தீட்டுங்கள். மறுபக்கம் முழுநீளத்துக்கும் பிசிறு (தீட்டும்போது புரண்டு நிற்கும் மெல்லிய இரும்பு ஓரம்) விரலுக்குத் தட்டுப்பட்டால்தான் கத்தியைத் திருப்ப வேண்டும். இரண்டு பக்கமும் முடித்து, தோல்பட்டையில் பிசிறை எடுத்தபின் தக்காளித் தோலில் வைத்துப் பாருங்கள். அழுந்தினால் வாய் இன்னும் தடிப்பாக இருக்கிறது.