கால் ரத்தக்குழாய் ஸ்கேன்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டும் டாப்ளர் ஸ்கேன் பழக வருபவர்களைப் பக்கத்தில் நின்று கவனித்து வருகிறேன். ஜெல் போதவில்லை, தோலில் வைக்கும் புரோபை அழுத்திப் பிடிக்கிறார்கள் என்பதெல்லாம் போகப்போகச் சரியாகிவிடும், அதை விட்டுவிடுவோம். ஆள் படுத்திருக்கிறாரா, உட்கார்ந்திருக்கிறாரா, நிற்கிறாரா என்று யோசிக்காமல் நாங்கள் அந்தக் காலத்தில் செய்த தவறுகளை இவர்களும் அப்படியே செய்கிறார்கள்.

வால்வு கசிவைப் படுக்க வைத்துத் தேடுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்தான் சிரை; அதில் ரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கும் கதவுதான் வால்வு. படுத்திருக்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் சுமார் 10 மி.மீ. பாதரசம்தான். அதே ஆள் எழுந்து அசையாமல் நின்றால், இதயத்திலிருந்து கணுக்கால் வரையுள்ள ரத்தத்தின் பாரம் முழுக்க அங்கே இறங்கி, அழுத்தம் 90 வரை போகும்; அரை லிட்டருக்கு மேல் ரத்தம் உடம்பின் கீழ்ப்பாதிக்கு வந்து சேரும், கால் சிரைகள் புடைக்கும். வால்வுக்கு வேலையே அப்போதுதான். படுத்த காலில் ரத்தத்தைக் கீழே இழுக்க எதுவுமில்லாதபோது கசிவு எங்கிருந்து தெரியும்?

நின்றே வேலை பார்க்கும் ஒரு அம்மா வந்தார். சாயங்காலமானால் கால் கனக்கிறது, கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்துவிட்டது. கையில் இரண்டு பழைய ரிப்போர்ட், இரண்டிலும் 'நார்மல்'. எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்டேன். "படுக்கச் சொன்னாங்க, பார்த்தாங்க, அனுப்பிட்டாங்க" என்றார். நிற்க வைத்து, பாரத்தை மற்ற காலில் போடச் சொல்லி, முழங்காலை லேசாக மடக்க வைத்து, கெண்டைக்காலை அமுக்கிச் சட்டென்று விட்டேன். மேலே போன ரத்தம் அப்படியே திரும்பி, இரண்டு விநாடிக்கு மேல் கீழ்நோக்கி ஓடியது. தோலடிச் சிரையில் 0.5 விநாடியைத் தாண்டினாலே கசிவுதான், தொடையின் முக்கிய ஆழ்சிரையில் 1 விநாடி. அந்த இரண்டு ரிப்போர்ட்டை நம்பி அவர் வலி மாத்திரையிலேயே காலம் தள்ளியிருக்கிறார்.

நிற்க முடியாதவர் என்றால் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்துக் காலைத் தொங்கவிடச் சொல்லுங்கள், எந்த நிலையில் பார்த்தீர்கள் என்பதை ரிப்போர்ட்டில் எழுதுங்கள். அப்புறம், நிற்க வைத்தவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள். பதில் குழறினாலோ முகம் வெளுத்து வியர்த்தாலோ உடனே படுக்க வையுங்கள்.

உட்கார வைத்துக் கணுக்கால் பிரஷர் எடுப்பது

இங்கே பார்ப்பது சிரையை அல்ல, காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியை; கதை தலைகீழ். உட்கார்ந்தால் கணுக்கால் இதயத்துக்கு வெகு கீழே போய்விடுவதால் அளவு கூடித் தெரியும், தமனி அடைப்பு மறைந்துவிடும். படுக்க வைத்து 5 முதல் 10 நிமிடம் ஓய்வு கொடுத்த பிறகு எடுங்கள்.

தொங்கும் கால் சிவந்தால் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது என்று நினைப்பது

காலைத் தொங்கவிட்டதும் நல்ல காலில் சிறு தமனிகள் தாமாகச் சுருங்கி, தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். கடுமையான தமனி அடைப்பில் அந்தப் பிடி தளர்ந்து கால் கருஞ்சிவப்பாகும். தூக்கிப் பிடியுங்கள், வெளுக்கிறதா என்று பாருங்கள்.

எழுந்ததும் ஒரே ஒரு முறை பிரஷர் பார்ப்பது

நின்றதும் பிரஷர் இறங்குகிறதா என்று 3 நிமிடம் வரை திரும்பத் திரும்பப் பாருங்கள்.

முழங்காலை விறைப்பாக நீட்ட வைப்பது

பின்முழங்கால் சிரை நசுங்கிவிடும். மடக்குங்கள்.