கொசுப்புழு பார்க்க நாங்க வர்றதுக்கு முன்னாடி

பெரம்பூர் பக்கம் வீடு வீடாப் போய் கொசுப்புழு பார்க்கிறது என் வேலை. நாங்க வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, வாரம் ஒரு நாள் நீங்களே பாருங்க. முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும்.

டார்ச் எடுத்துக்கோங்க. முதல்ல ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி தண்ணி சேர்ற தட்டு. "எங்க வீடு ரொம்ப சுத்தம்மா"ன்னு சொன்ன ஒரு அக்கா வீட்டிலயும் அங்கதான் புழு நெளிஞ்சுது. டெங்கு கொசு சாக்கடையைத் தேடிப் போறதில்ல, தெளிஞ்ச தண்ணியிலதான் முட்டை போடும். அப்புறம் மணி பிளான்ட் பாட்டில், மொட்டை மாடி டயர், கொட்டாங்குச்சி.

டிரம்முல வெளிச்சம் அடிச்சதும் புழு உடம்பை வளைச்சு வளைச்சு அடிக்குப் போகும். அந்தத் தண்ணியைக் கொட்டிட்டா மட்டும் போதாதுங்க. முட்டை உள்பக்கச் சுவர்ல ஒட்டியிருக்கும். காய்ஞ்சாலும் பல மாசம் தாங்கும். தண்ணி நிக்கிற மட்டத்துல தேங்கா நாரால அழுத்தித் தேய்ங்க. திரும்பப் பிடிச்சதும் பழைய வேட்டியால மூடி இறுக்கிக் கட்டுங்க. சம்ப் மூடியில விரல் விட்டுத் தூக்கற ஓட்டையையும் அடைச்சிடுங்க, எல்லாரும் விட்டுடற இடம் அது.

தெருவுல தண்ணி தேங்கினா சென்னை மாநகராட்சியோட 1913-க்குப் போன் பண்ணுங்க. புகார் எண்ணைக் காலண்டர்ல எழுதி வைங்க, மறுபடி கேக்கும்போது அதைத்தான் சொல்லணும்.